பாட முடியாத பத்தாண்டு: ரஷ்யாவின் தேசிய கீதம், 1990–2000 – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு எதைப் பற்றியது

1990 நவம்பர் முதல் 2000 டிசம்பர் வரை ரஷ்யாவுக்கு ஒரு தேசிய கீதம் இருந்தது. அதைப் பாட எவராலும் முடியவில்லை. மெட்டு இருந்தது, சொல் இல்லை. விளையாட்டு அரங்குகளில் கொடி ஏறும்போது இசை ஒலிக்கும். வீரர்கள் வாய் திறக்காமல் நிற்பார்கள்.

கம்யூனிச ஆட்சி விழுந்தபின் "நாம் யார்?" என்று ரஷ்ய மக்கள் தேடிய தேடல் மிகப் பெரியது. முழுவதையும் ஒரு கட்டுரைக்குள் அடைத்தால் பொதுப்பேச்சுதான் மிஞ்சும். அதனால் அந்தத் தேடல் கையில் பிடிக்கும் அளவுக்குச் சுருங்கி வந்த ஓர் இடத்தை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். பொதுப்பதவி வகித்தோரையும் மெட்டோடு தொடர்புடையோரையும் தவிர மற்றவர்கள் பெயரின்றி வருகிறார்கள்.

பின்னணி: தனி அறை இல்லாத மூத்தவர்

சோவியத் ஒன்றியத்தில் 15 குடியரசுகள் இருந்தன. அவற்றில் 14 குடியரசுகளுக்குத் தனித்தனிக் கீதம் உண்டு. ரஷ்யாவுக்கு மட்டும் கிடையாது. ஒன்றியத்தின் கீதமே அதற்கும் கீதம். ரஷ்யக் குடியரசுக்கென ஒரு கம்யூனிஸ்ட் கட்சிகூட 1990இல்தான் தொடங்கப்பட்டது. கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் தனக்கென்று ஓர் அறை வைத்துக்கொள்ளாததைப் போன்ற நிலை அது. வீடே அவருடையது என்று இளையவர்கள் முணுமுணுத்தார்கள். தனக்கென ஒரு மூலைகூட இல்லை என்று மூத்தவர் குறைப்பட்டுக்கொண்டார். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது.

மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் குழப்பம் புதிதாக இருக்காது. கிர்கிஸ் எழுத்தாளரின் கதையையும் ஜார்ஜியக் கவிஞரின் வரிகளையும் நாம் "ரஷ்யப் புத்தகம்" என்றே சொல்லி வந்தோம். ரஷ்யர்களில் பலரும் தங்கள் நாட்டை அப்படித்தான் பார்த்தார்கள். எனவே 1991 டிசம்பரில் ஒன்றியம் கலைந்தபோது, மற்ற குடியரசுகள் எதிலிருந்தோ விடுபட்டதாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. ரஷ்யா எதிலிருந்து விடுபட்டது? ஏறத்தாழ இரண்டரைக் கோடி ரஷ்ய இனத்தவர், வீட்டைவிட்டு நகராமலேயே, ஒரே இரவில் வேறு நாடுகளில் வாழ்பவர்களாகிவிட்டார்கள்.

பழைய கீதத்தின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அலெக்சாந்தர் அலெக்சாந்திரவ் அமைத்த மெட்டு 1944 புத்தாண்டில் வானொலியில் ஒலித்து, அதுவரை கீதமாக இருந்த "இன்டர்நேஷனல்" என்ற உலகத் தொழிலாளர் பாட்டின் இடத்தைப் பிடித்தது. செர்கேய் மிகல்கோவும் இன்னொரு கவிஞரும் எழுதிய அதன் சொற்களில் ஸ்டாலின் பெயர் இருந்தது. ஸ்டாலின் இறந்து, அவர் மீதான கண்டனமும் வந்தபின் அந்த வரிகளைப் பாட முடியாமல் போயிற்று. 1950களின் நடுவிலிருந்து 1977 வரை அந்தக் கீதமும் சொல்லின்றியே ஒலித்தது. 1977இல் மிகல்கோவ் ஸ்டாலினை நீக்கி வரிகளைத் திருத்திக் கொடுத்தார். ஆகவே வாய் மூடி நிற்பது ரஷ்யர்களுக்கு முன்பே பழக்கம்தான்.

1990–1993: மெட்டு வந்தது

1990 ஜூன் 12 அன்று ரஷ்யக் குடியரசு தன் இறையாண்மையை அறிவித்தது. அந்த நவம்பரில், 19ஆம் நூற்றாண்டு இசைமேதை மிகயீல் கிளிங்காவின் ஒரு மெட்டைக் கீதமாகக் குடியரசின் நாடாளுமன்றம் ஏற்றது. தேர்வின் தர்க்கம் எளிது. கிளிங்காவை எல்லோரும் மதித்தார்கள். அவர் மெட்டில் லெனினும் இல்லை, ஜார் மன்னரைக் கடவுள் காக்கட்டும் என்ற வேண்டுதலும் இல்லை. சொல்லே இல்லாததால் எவர் மனமும் புண்படாது. சொல் பின்னால் வரும் என்று எண்ணினார்கள்.

வரவில்லை. கம்யூனிஸ்ட் கடும்போக்காளர்களின் 1991 ஆகஸ்ட் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்ற மறுநாள், 22ஆம் தேதி, வெள்ளை–நீலம்–சிவப்பு மூவண்ணக் கொடி ரஷ்யாவின் கொடி என ஏற்கப்பட்டது. தெருவில் மக்கள் அதை ஏற்கெனவே தூக்கிப் பிடித்திருந்தார்கள். கீதத்தின் சொல்லுக்கு அப்படி ஒரு தெரு வாய்க்கவில்லை. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு நீங்கி மக்களின் சேமிப்பு கரையத் தொடங்கியபோது, பாட்டு வரிகளைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை.

1993 அக்டோபரில் அதிபர் போரிஸ் யெல்ட்சினின் உத்தரவுப்படி டாங்கிகள் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது சுட்டன. அதன் பிறகு சில வாரங்கள் நாட்டில் நாடாளுமன்றமே இல்லை. அந்த இடைவெளியில், இரட்டைத் தலைக் கழுகுச் சின்னம், மூவண்ணக் கொடி, கிளிங்காவின் மெட்டு மூன்றையும் யெல்ட்சின் ஆணைகள் வழியாக நிலைநாட்டினார். கீதத்துக்கான ஆணையின் தேதி டிசம்பர் 11. மறுநாள் புதிய அரசியல் சாசனம் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது.

முடிச்சு விழுந்தது இங்கேதான். கொடி, சின்னம், கீதம் ஆகியவற்றைத் தனியான அரசியல் சாசனச் சட்டம் ஒன்றே நிர்ணயிக்க வேண்டும் என்று அந்தச் சாசனத்தின் 70ஆம் பிரிவு சொன்னது. அப்படிப்பட்ட சட்டத்துக்குக் கீழவையான டூமாவின் 450 உறுப்பினரில் 300 பேரின் ஆதரவு வேண்டும். மேலவையில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். 1995 டிசம்பர் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி 157 இடங்களைப் பிடித்தது. எந்தச் சின்னத்தையும் தடுக்க அதுவே போதும். அதிபரின் ஆணை நடைமுறையில் இருக்கும், சட்டமாகாது. கம்யூனிஸ்டுகளின் விருப்பமும் சட்டமாகாது. யாராலும் வெல்ல முடியாத, யாரும் தோற்கவும் இல்லாத நிலை ஏழு ஆண்டுகள் நீடித்தது.

கவனித்தவை

வரிகளுக்கான போட்டிகள் நடந்தன. கவிஞர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலரும் எழுதி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. ஒன்றும் ஏற்கப்படவில்லை. மெட்டின் மீது பழி போட்டவர்கள் உண்டு: கிளிங்காவின் இசை சிக்கலானது, மனத்தில் தங்காது, பாடுவதற்கு ஏற்றதல்ல என்றார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் ஸ்பெயினின் கீதத்துக்கும் சொல் இல்லை. அதனால் ஸ்பெயினில் அரசு தடுமாறிவிடவில்லை. ரஷ்யாவில் உறுத்தியது சொல் இல்லாதது மட்டுமல்ல, ஏன் இல்லை என்பதற்கான காரணம்.

ஒரு கீதத்தின் வரி எப்படியும் "நாம்" என்று எங்கேனும் சொல்லியாக வேண்டும். ரஷ்ய மொழியில் அதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. "ரூஸ்கியே" என்றால் ரஷ்ய இனத்தவர். "ரஸ்ஸியானே" என்றால் ரஷ்ய நாட்டின் குடிமக்கள். தாத்தாரும் செச்சென்களும் யாகூத்துகளும் அதில் அடங்குவர். தமிழில் இரண்டையும் "ரஷ்யர்" என்றே எழுதிவிடுகிறோம்; அதனால் இந்தச் சிக்கல் முழுவதும் தமிழ் வாசகரின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அந்நாட்டு மக்களில் ஐந்தில் நால்வர் ரஷ்ய இனத்தவர். "ரூஸ்கியே" என்று பாடினால் மீதி ஒருவர் வெளியே நிற்பார். "ரஸ்ஸியானே" என்று பாடினால், எல்லைக்கு அப்பால் விடப்பட்ட இரண்டரைக் கோடிப் பேர் வெளியே நிற்பார்கள். உள்ளே இருக்கும் பலருக்கோ அது அலுவலகத் தாளில் பிறந்த சொல்லாகத் தோன்றியது. யெல்ட்சின் தன் உரைகளை "அன்பார்ந்த ரஸ்ஸியானே" என்று தொடங்குவார். அந்த விளிப்பே நாளடைவில் கேலிப்பொருளாயிற்று.

இதே இழுபறி வேறோர் இடத்திலும் வெளிப்பட்டது. சோவியத் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ஒருவரின் இனத்தைக் குறிக்கும் வரி உண்டு. 1997இல் வந்த புதிய பாஸ்போர்ட்டில் அது நீக்கப்பட்டது. எல்லோரும் ஒரே குடிமக்கள் என்பது நோக்கம். யூதர்கள் பலருக்கு அந்த வரி தலைமுறைகளாகத் தொல்லை தந்த ஒன்று. ஆனால் தாத்தார் இனத்தவரின் குடியரசான தாத்தர்ஸ்தானில், தங்கள் அடையாளத்தையே அழிக்கிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. ஒரே வரி, ஒருவருக்கு அது விலங்கு, இன்னொருவருக்கு அது வேர்.

"நாம்" முடிந்தால் அடுத்தது "எதைப் போற்றுவது". 1917ஐயா, அதற்கு முந்தையதையா? கடவுளையா, உழைப்பையா? நாட்டின் பெயர்ப்பலகைகளே இந்தக் குழப்பத்தைக் காட்டின. லெனின்கிராத் நகரம் 1991இல் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆயிற்று. அதைச் சுற்றியுள்ள மாகாணம் இன்றும் லெனின்கிராத் மாகாணம்தான்.

1996: ஓராண்டு கெடு

1996 ஜூலை 3 அன்று நடந்த இரண்டாம் சுற்றில், கம்யூனிஸ்ட் வேட்பாளரைத் தோற்கடித்து யெல்ட்சின் மீண்டும் அதிபரானார். ஆனால் நூற்றுக்கு நாற்பது வாக்குகள் எதிரணிக்குப் போயிருந்தன. சில நாள்களில் தன் ஆதரவாளர்களிடம் பேசிய அவர், ரஷ்ய வரலாற்றின் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கொள்கை இருந்தது, நமக்கு இல்லை என்றார். ஓராண்டுக்குள் ஒரு தேசிய எண்ணத்தைக் கண்டறியுமாறு கேட்டுக்கொண்டார். எந்தக் கொள்கையையும் அரசுக் கொள்கையாக நிறுவலாகாது என்று அவர் கொண்டுவந்த சாசனத்தின் 13ஆம் பிரிவே சொல்லியிருந்தது. அது அப்போது யாரையும் பெரிதாக உறுத்தியதாகத் தெரியவில்லை.

அரசு நாளேடு ஒன்று "ரஷ்யாவுக்கு ஓர் எண்ணம்" என்று போட்டி அறிவித்தது. பரிசு ஒரு கோடி ரூபிள். அன்றைய மதிப்பில் சுமார் 2,000 டாலர். வோலக்தா மாகாணத்தைச் சேர்ந்த ஒருவருக்கு இடைக்கட்டப் பரிசாக அதில் பாதி கிடைத்தது. ரஷ்யத் தன்மையின் கோட்பாடுகளைப் பற்றி அவர் எழுதியிருந்தார். கெடு கழிந்தது. அதிபரின் ஆலோசகர் குழு கடைசியில் வெளியிட்டது, தேசிய எண்ணத்தைப் பற்றிப் பத்திரிகைகள் என்னென்ன எழுதின என்பதன் தொகுப்பாய்வு. எண்ணம் கிடைக்கவில்லை, எண்ணத்தைப் பற்றிய எண்ணங்கள் கிடைத்தன. குழுவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்டுபிடித்ததாக நடிக்காமல் இருந்ததே ஒரு நேர்மை.

இதற்கிடையில் யெல்ட்சினே வேறொரு திசையில் அடி எடுத்து வைத்திருந்தார். அதே ஆண்டு ஏப்ரலில், 1945ஆம் ஆண்டின் செந்நிற வெற்றிப் பதாகை முக்கிய விழா நாள்களில் அரசுக் கொடியோடு சேர்ந்து பறக்கலாம் என்று ஆணையிட்டார். தேர்தல் நேரத்துக் கணக்காகவும் இருக்கலாம். ஆனால் எல்லோரும் ஒப்பும் ஒரே பொதுச் சொத்து போர் வெற்றிதான், அது சோவியத் நிறத்தில்தான் இருக்கிறது என்பதை அந்த ஆணை ஒப்புக்கொண்டது.

2000: வீரர்களின் முறையீடு

1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது. 1999இல் நேட்டோ செர்பியா மீது குண்டு வீசியது. மேற்கைப் பின்பற்றினால் போதும் என்ற நம்பிக்கை மங்கியபோது பழையதன் மீது ஏக்கம் வளர்ந்தது. 1999 டிசம்பர் 31 அன்று யெல்ட்சின் விலக, விளாதிமிர் புதின் பொறுப்பேற்றார்.

2000 கோடையில் மாஸ்கோவின் கால்பந்துக் கழகம் ஒன்றின் வீரர்கள், சொல்லில்லாத கீதத்தின்போது சும்மா நிற்பது தங்களைச் சோர்வடையச் செய்கிறது என்று முறையிட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் சிட்னி ஒலிம்பிக்கில் ரஷ்யா 32 தங்கம் வென்றது. 32 முறை மெட்டு ஒலித்தது, பாட வழியில்லை. விளையாட்டு வீரர்களின் இந்தக் குறை அதிபரிடமே போய்ச் சேர்ந்தது. பத்தாண்டுகளாக அறிஞர் குழுக்கள் அசைக்க முடியாத கல்லை, மேடையில் கை வைக்கத் தெரியாமல் நின்ற இளைஞர்கள் அசைத்துவிட்டார்கள்.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

கிளிங்காவின் மெட்டுக்குச் சொல் எழுதுவது, பழைய சோவியத் மெட்டைத் திரும்பக் கொண்டுவருவது, முதல் உலகப் போருக்கு முன் பிறந்த புகழ்பெற்ற ராணுவ நடையிசையை எடுத்துக்கொள்வது என்று பல யோசனைகள் மேசையில் இருந்தன. கருத்துக் கணிப்புகளில் சோவியத் மெட்டுக்கே ஆதரவு அதிகம்.

டிசம்பர் 4 அன்று புதின் தொலைக்காட்சியில் தோன்றித் தன் முடிவைச் சொன்னார். கொடி மூவண்ணம், சின்னம் இரட்டைத் தலைக் கழுகு, கீதம் அலெக்சாந்திரவின் மெட்டு, புதிய சொற்களோடு, ராணுவத்துக்குச் செங்கொடி. சோவியத் காலத்துச் சின்னங்கள் எதையும் ஏற்க முடியாது என்றால், நம் தாய்தந்தையர் வீணாக வாழ்ந்தார்கள் என்று ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர் வாதம். மக்களும் தானும் தவறு செய்கிறோம் என்றுகூட இருக்கலாம் என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டார்.

சொல்லாமல் விட்ட காரணம் எண்ணிக்கை. கழுகுக்கும் மூவண்ணத்துக்கும் 300 வாக்கு வேண்டுமானால் கம்யூனிஸ்டுகளுக்கு ஏதாவது தர வேண்டும். மெட்டைத் தந்தார். டிசம்பர் 8 அன்று டூமாவில் கீதத்துக்கு 381 பேர் ஆதரவு, 51 பேர் எதிர்ப்பு, ஒருவர் நடுநிலை. 25ஆம் தேதி சட்டம் கையெழுத்தானது.

வரிகளை எழுதியவர் மிகல்கோவ். அப்போது அவருக்கு 87 வயது. ஸ்டாலினைப் பாடியதும், பின்பு நீக்கியதும், இப்போது கடவுளைச் சேர்த்ததும் ஒரே பேனா. இதை வைத்து எள்ளி நகையாடுவது எளிது; நகையாடினார்கள். ஆனால் பத்தாண்டுச் சிக்கலை அவர் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. "ரூஸ்கியே" என்ற சொல்லும் இல்லை, "ரஸ்ஸியானே" என்ற சொல்லும் இல்லை. மக்களை விட்டு நிலத்தைப் பாடினார்: தென்கடல்கள் முதல் துருவம் வரை, காடுகள், வயல்கள், கடவுள் காக்கும் தாய்மண். உறவினங்களின் பழம்பெரும் ஒன்றியம் என்று ஒரே வரியில் மற்றவர்களை உள்ளே அழைத்தார். ஆண்டு இல்லை, தலைவர் இல்லை, புரட்சி இல்லை. பல்லவியின் முதல் அடியை மட்டும் 1944இல் இருந்தபடியே விட்டுவைத்தார். எல்லோருடைய நாவும் ஏற்கெனவே அறிந்த அடி அது.

டிசம்பர் 30 அன்று வரிகளுக்கான ஆணை வந்தது. அன்றே கிரெம்ளினில் பாடப்பட்டது.

எதிர்ப்பு

முன்னாள் அதிபர் யெல்ட்சின் நாளேடு ஒன்றுக்கு அளித்த பேட்டியில் தன் கடும் எதிர்ப்பைச் சொன்னார்; அந்த மெட்டைக் கேட்டால் கட்சி மாநாடுகள்தான் நினைவுக்கு வருகின்றன என்றார். தாராளவாதக் கட்சிகளான யாப்லகாவும் வலதுசாரி சக்திகளின் ஒன்றியமும் எதிர்த்து வாக்களித்தன. கலைஞர்கள் பலர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சோவியத் வானொலி ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு அந்த மெட்டோடுதான் கண்விழிக்கும். ஒரு வீட்டில் அது பள்ளிக்கூட நாள்களின் நினைவு. தந்தையை ஸ்டாலின் காலத்துச் சிறைமுகாமுக்குக் கொடுத்த வீட்டில் வேறு நினைவு. "நம் தாய்தந்தையர்" என்ற வாதம் இரண்டு வீடுகளையும் ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டது. முகாமில் அடைபட்டவரும் தாய்தந்தையர்; காவல் நின்றவரும் தாய்தந்தையர்.

பின்விளைவு

கீதம் நிலைத்தது. அதைப் பற்றிய சண்டை சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது. நினைத்ததைவிட விரைவாகவே மக்கள் பாடக் கற்றார்கள். இந்த அளவில் முடிவு தன் நோக்கத்தை எட்டியது என்றே சொல்ல வேண்டும்.

பழையதையும் புதியதையும் அடுக்கி வைக்கும் அதே முறை அடுத்தடுத்துப் பயன்பட்டது. நவம்பர் 7, புரட்சி நாள், 1996இல் இணக்கத்தின் நாள் எனப் பெயர் மாறியிருந்தது. 2005 முதல் அதை விட்டுவிட்டு, 1612இல் போலந்துப் படையை மாஸ்கோவிலிருந்து விரட்டிய நினைவாக நவம்பர் 4 விடுமுறையாயிற்று. 2020 சாசனத் திருத்தங்களில் முன்னோர் தந்த கடவுள் நம்பிக்கையும், வரலாற்று உண்மையைக் காப்பதும், அரசை உருவாக்கிய மக்களின் மொழி ரஷ்யம் என்பதும் இடம்பெற்றன. 13ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. உக்ரைன் மீதான முழுப்போர் தொடங்கிய 2022இல், செப்டம்பர் முதல் பள்ளிகளில் வாரந்தோறும் கொடியேற்றிக் கீதம் பாடுவது முறையாக்கப்பட்டது. பாட வரி கேட்டவர்களில் தொடங்கிய கதை, பாடியே ஆக வேண்டியவர்களிடம் வந்து நின்றது.

வேறு விதமாகச் செய்திருக்கக்கூடியவை

சொல்லைத் தள்ளிப்போட்டதே முதல் பிழை என்பது என் கருத்து. 1991 ஆகஸ்டுக்குப் பிந்தைய சில மாதங்கள், தெருவும் தலைமையும் ஒரே பக்கம் இருந்த அரிய காலம். கொடிக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றே சில எளிய வரிகளை ஏற்றிருந்தால், அவை சுமாராக இருந்திருந்தாலும், பத்தாண்டில் ஒரு தலைமுறைப் பள்ளிக் குழந்தைகள் அவற்றை மனப்பாடம் செய்திருப்பார்கள். வெற்றிடமாக விட்ட மெட்டு நடுநிலையாக இருக்கவில்லை. பழைய மெட்டு திரும்பி வர அது இடம் பிடித்து வைத்திருந்தது.

போட்டிகளின் குறை வேறு. வரிகளைக் கேட்டார்கள், யார், எந்த அளவுகோலால் முடிவு செய்வது என்பதை வகுக்கவில்லை. 300 வாக்கு இல்லாத நாட்டில் எந்த நடுவர் குழுவின் தீர்ப்பும் காகிதம்தான். முதலில் டூமாவில் பேரம் முடிந்திருக்க வேண்டும்.

2000இல் நடந்த அவசரம் மூன்றாவது. தொலைக்காட்சி உரைக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே நான்கு நாள்கள். உறுப்பினர்கள் மெட்டுக்கு வாக்களித்தபோது சொல் முடிவாகியிருக்கவில்லை. பத்தாண்டு காத்திருந்த நாடு இன்னும் பத்து வாரம் காத்திருக்கலாம். முகாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள் பேசி முடிக்கவாவது அது உதவியிருக்கும். அவர்கள் கீதத்தைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் அவர்களுடைய பேச்சு அரசின் பதிவேட்டில் ஏறியிருக்கும்.

2018, 2021

ஊக்கமருந்து விவகாரத்தால் 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யக் கொடிக்கும் கீதத்துக்கும் தடை இருந்தது. பிப்ரவரி 25 அன்று பனி ஹாக்கி இறுதிப் போட்டியில் ரஷ்ய வீரர்கள் ஜெர்மனியைக் கூடுதல் நேரத்தில் 4–3 என்று வென்றார்கள். வெற்றி கோலை அடித்தவர் 1997இல் பிறந்தவர். மிகல்கோவின் வரிகள் வந்தபோது அவருக்கு மூன்று வயது. மேடையில் ஒலிம்பிக் கீதம் ஒலித்தது. வீரர்கள் அதற்கு மேலே குரல் எழுப்பித் தங்கள் கீதத்தைப் பாடினார்கள்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தடை தொடர்ந்தது. கீதத்துக்குப் பதிலாக ஒலிக்க, 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய இசைமேதை சைக்கோவ்ஸ்கியின் பியானோ இசையிலிருந்து ஒரு பகுதி எடுக்கப்பட்டது. 20 தங்கத்துக்கும் அதுவே ஒலித்தது. அதற்கும் சொல் இல்லை.